கால் வேலி நிலமும் சொந்த மனையும்

அலுவலக நண்பர்கள் யாராவது காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க வந்தால், அப்படியே முப்பது கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊருக்கும் கூட்டிப்போய்விடுவேன். உத்திரமேரூரில் காட்டுவதற்கு என்னிடம் இருப்பது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். சிறிய மண்டபம்தான். அதன் கல்லில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும், ஊர்ச் சபை தனக்குத் தானே எழுதிக்கொண்ட தேர்தல் விதிகள் இருக்கின்றன. முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் ஒரு வருடம். கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது, அவன் உறவினர்களும் நிற்க முடியாது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். அதன்பின் வருகிறவர்களின் கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

நண்பர்களுக்கு நான் விதிகளைச் சொல்லும்போது எல்லோரும் கவனிப்பது கணக்குக் காட்டாதவன் பற்றிய விதியைத்தான். இன்றைய அரசியல்வாதி யாரையாவது சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கோ அதற்கு முன்னால் வரும் விதியில்தான் கண் நிற்கும். குடத்தில் பெயர் விழ வேண்டுமென்றால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். தன் சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்கவேண்டும். கூடுதலாக ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவனுக்கு நிலத்தில் பாதி தள்ளுபடி, அரைக்கால் வேலி போதும்.

வேலையில் நான் தினமும் எழுதுவதும் இப்படிப்பட்ட நிபந்தனைகளைத்தான். இது இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. நிபந்தனையை எழுதுகிறவன் வெளியே நிற்பவனைப் பார்ப்பதில்லை. நான் பார்த்திருக்கிறேன். வெளியே நின்றவர்கள் என் தாத்தாவும் ஆயாவும்.

*

தாத்தா பிறந்தது 1930இல், ரங்கூனில். அவருடைய அப்பா இங்கே ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சேரியிலிருந்து 1926 வாக்கில் மேஸ்திரி ஒருவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறியவர். அப்போது பர்மா வேறு நாடு இல்லை. 1885 போருக்குப் பின் முழுவதுமாகப் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டு, 1937 ஏப்ரல் 1ஆம் தேதி பிரிக்கப்படும்வரை அது இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னைத் துறைமுகத்தில் டிக்கெட் வாங்கினால் போதும், யாரும் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள்.

ஏன் போனார் என்பதற்கு எங்கள் வீட்டில் நீண்ட விளக்கம் கிடையாது. "இங்க இன்னா இருந்துச்சி?" என்பார் ஆயா. அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கான பதில் ஆவணங்களில் இருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லா மிராசு முறை ஊறிப்போன இடம். நிலம் மிராசுதாருடையது, உழைப்பு படியாளுடையது. படியாளின் குடிசை நிற்கிற மண்ணும் பெரும்பாலும் மிராசுதாருடையதுதான். கோபித்துக்கொண்டு வேலைக்கு வராவிட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாதது மட்டுமல்ல, படுக்கிற மனைகூடச் சொந்தமில்லை என்பது அதில் முக்கியமான விஷயம். அதையொட்டி 1892இல் வந்த அரசாணையில் பிறந்ததுதான் பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்றது. அறிக்கை வந்தது, ஆணை வந்தது. என் கொள்ளுத்தாத்தாவுக்கு மனை வரவில்லை. கப்பல்தான் வந்தது.

நிலம், மனை. பராந்தகன் காலத்துச் சபை குடத்தில் பெயர் போடக் கேட்டவை இவை இரண்டு. ஆயிரம் வருடம் கழித்தும் எங்களிடம் இல்லாதவையும் இதே இரண்டுதான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தச் சபையின் முன்னோர்களும் வந்தேறிகளே. சதுர்வேதிமங்கலம் என்றாலே அரசன் நிலம் கொடுத்து வேதியர்களைக் குடியமர்த்திய ஊர். பல்லவர் காலத்தில் அப்படி உருவானது உத்திரமேரூர். இங்கிருக்கும் ஏரிக்குக் கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்று பல்லவ அரசன் தந்திவர்மனின் பட்டப்பெயர்தான் இருக்கிறது. ஆக, வந்தவர்கள் என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. நிலத்தோடு வந்தவர்கள், நிலமில்லாமல் வந்தவர்கள் என்று இரண்டு வகை, அவ்வளவே.

*

1931 கணக்கெடுப்பில் பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகரத்தின் நான்கு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலையில் நெல் அள்ளியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், கக்கூஸ் கழுவியவர்கள். தெலுங்கரும் தமிழரும் ஒடியரும் இதில் அதிகம். இன்னொரு பக்கம் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள், ஜவுளி வியாபாரிகள், குமாஸ்தாக்கள். பர்மாக்காரர்களின் கண்ணுக்கு இவர்கள் எல்லோரும் ஒரே ஆள்தான்: 'கலா'. 

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. 1930இல் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாமல் கீழ்பர்மா விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். அந்தப் பகுதியின் நெல்வயலில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் இருந்த செட்டியார் உடைமை, 1938க்குள் நான்கில் ஒரு பங்கு ஆகிவிட்டது. அவர்கள் வலிய வாங்கிய நிலம் இல்லை அது. திரும்பி வராத கடனுக்கு வந்து சேர்ந்த நிலம். ஆனால் நிலம் போனவனுக்கு அந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் இடத்தில் பர்மியர்களை வேலைக்கு எடுத்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே மூண்ட கலவரம் நகரம் முழுவதும் பரவியது. 1938இல் மறுபடி ஒன்று. இரண்டு ஏழைகளை முதலாளிகள் மோதவிட்டார்கள் என்று இப்போது எளிதாக எழுதிவிடலாம். தாத்தாவின் அப்பா மூன்று நாள் அரிசிக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்தார்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அடுத்த மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். புரோமிலிருந்து தவுங்கூப் கணவாய் வழியாக ஒரு பாதை, தாமு வழியாக மணிப்பூருக்கு ஒரு பாதை, வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கு வழியாக லெடோவுக்கு ஒரு பாதை. காலராவிலும் பசியிலும் மலேரியாவிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே போனார்கள். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் நடந்தார். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவருடைய ஊரான வெங்களத்தூர் செய்யாறு பக்கம், எங்களுக்கு அக்கம்பக்கம்தான்.

தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. புரோம்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டார்கள். காலரா. அவர் தங்கை அங்கேயே இறந்தாள். புதைத்த இடத்தைவிட்டு அம்மா நகரமாட்டேன் என்றதால் திரும்பியதாகத் தாத்தா என் அப்பாவிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஜப்பான் காலத்தை டெல்டாவில் ஒரு பர்மியக் கிராமத்தில் நாற்று நட்டுக் கழித்தார்கள். கலவரத்தில் இவர்களை அடித்ததும் பர்மியர்கள். இவர்களை மூன்று வருடம் சோறு போட்டு வைத்திருந்ததும் பர்மியர்கள். ஆயா எப்போதும் இரண்டையும் சேர்த்தே சொல்வார்.

*

சுதந்திர பர்மாவில் தாத்தா ரங்கூன் முகல் தெருவில் ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரியின் கடையில் கணக்கெழுதினார். இரவுப் பள்ளியில் படித்த கணக்கு. கல்யாணம் ஆயிற்று. 1958இல் அப்பா பிறந்தார். ஆயா அந்தத் தெருவைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். மேல்மாடியில் ஒரு நாடார் குடும்பம், எதிரில் ஒரு முதலியார், பக்கத்தில் பர்மாக்காரி. "எல்லாரும் ஒரே கொழாயில தண்ணி புடிச்சோம். நீ யாருன்னு ஒரு பய கேட்டதில்ல." பர்மாவில் சாதியே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். கோயில்களிலும் சங்கங்களிலும் அது கப்பலேறிப் போயிருந்தது. ஆனால் குழாயடிக்கு வரவில்லை.

1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகள். ஒருநாள் காலையில் தாத்தா போனபோது கடை வாசலில் சிப்பாய்கள் நின்றார்கள். கணக்குப் புத்தகத்தை அவரே எடுத்துக் கையில் கொடுக்கவேண்டியிருந்தது. மே 17ஆம் தேதி 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. ஆயா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் நூறு கியாத் நோட்டுகள், ஒளிக்க வசதியானவை.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு டிவி செய்தியைப் பார்த்துவிட்டு நாங்கள் பதறியபோது எண்பது வயது ஆயா மட்டும் பதறவில்லை. "எனக்கு இது ரெண்டாவது தடவடா" என்று சொல்லிவிட்டு, தன் சுருக்குப்பையை அவிழ்த்துக் காட்டினார். எல்லாம் பத்து ரூபாய் நோட்டுகள். ஐம்பது வருடமாக அவர் பெரிய நோட்டை வைத்துக்கொண்டதே இல்லை. எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பம் எழுத வரிசை. பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் வெளிநாட்டில் வாழ்பவரும் இந்தியக் குடிமகனாகப் பதிந்துகொள்ள அரசியலமைப்பின் எட்டாம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அதனால் படிவத்தில் அப்பா பிறந்த ஊர், சொந்த ஊர் என்று கட்டங்கள். தாத்தா தான் கண்ணால் பார்க்காத ஓர் ஊரின் பெயரை இரண்டிலும் எழுதினார்: உத்திரமேரூர், செங்கல்பட்டு ஜில்லா.

துறைமுகச் சோதனை மேசையில் ஆயாவின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். திருகு இறுகிப்போயிருந்தது. ரத்தம் வரக் கழற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் மூக்குத்தி போடவில்லை.

*

கப்பல் சென்னைக்கு வந்தது 1965 பிப்ரவரியில். இறங்கினால் ஊரே பற்றி எரிகிறது. ஜனவரி 25இல் மதுரையில் தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். பஸ் இல்லை, கடை இல்லை, தெருவெங்கும் போலீஸ். பர்மாவில் சண்டை ஓய்ந்த இடத்திலிருந்து சண்டை தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தாத்தா நினைத்தாராம். அப்பாவுக்கு ஏழு வயது, பர்மியப் பள்ளியில் படித்தவர். தமிழுக்காக உயிர்விட்டுக்கொண்டிருந்த நாட்டில், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பையன்.

அப்படி வந்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. அறுபதுகளில் தொடங்கித் தமிழ்நாட்டுக்கு மட்டும் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பர்மாவிலிருந்து வந்தார்கள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் வரவேண்டியிருந்தது. எல்லோருக்கும் அரசாங்கம் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. திரும்புவதற்கு முதலில் போயிருக்கவேண்டும் அல்லவா? இவர்களில் பலர் போனவர்கள் இல்லை, அங்கேயே பிறந்தவர்கள். வியாசர்பாடியிலும் செங்குன்றத்திலும் பர்மா குடியிருப்புகள் வந்தன. கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி பர்மா பஜார் வந்தது. 1969இல் இவர்களுக்காகவே ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. சிலர் மணிப்பூர் வழியாகத் திரும்பவும் பர்மாவுக்கே போய்விட நினைத்து, எல்லையில் மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் முருகன் கோயிலும் உண்டு.

தாத்தா முகாமில் தங்கவில்லை. சொந்த ஊர் இருக்கிறதே என்று கிளம்பினார். இங்கேதான் அவர் கணக்குத் தப்பிப்போனது.

செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து, ஒரு டிரங்குப் பெட்டியோடும் மூன்று உயிர்களோடும் உத்திரமேரூரில் இறங்கினார். கைலி, காலில் செருப்பு. தன் அப்பா பெயரைச் சொல்லி வழி கேட்டுக்கொண்டு தெரு வழியாக நடந்தபோது, திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, முதலில் யார் என்று விசாரித்தார், பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதட்டவில்லை, தெரியாதவனுக்குத் தெரியவைக்கிற குரலில்தான் சொன்னாராம். முப்பத்தைந்து வயதில் தாத்தா தன் சாதியைச் சென்று சேர்ந்தது அன்றைக்குத்தான். படிவத்தில் எழுதிய ஊர் இதுவல்ல என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊர் வேறு, சேரி வேறு. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளே ஊர்நத்தத்தையும் பறைச்சேரியையும் தனித்தனியாகத்தான் எண்ணுகின்றன. 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் வைத்த படிவம் 'சொந்தச் சேரி' என்று கேட்டிருந்தால் தாத்தா கொஞ்சம் யோசித்திருப்பார்.

சேரியிலும் இடம் இல்லை. கொள்ளுத்தாத்தாவின் குடிசை இருந்த இடத்தில் பங்காளி வீடு இருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாற்பது வருடம் ஆகிவிட்டது. ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டார்கள். அரிசி உலகத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். போருக்கு முன் பர்மா வருடத்துக்கு ஏறத்தாழ முப்பது லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது. இங்கேயோ 1965, 66இல் ரேஷன் வரிசையில் அமெரிக்கக் கோதுமையும் மைலோ சோளமும். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொன்னபோது, ஆயா ஓட்டுப் போடவில்லை. பெயர் பட்டியலில் இல்லை. ஆனால் அரிசி வருமென்று நம்பினார்.

பிழைத்தார்கள். தாத்தா நெல் மண்டியில் கணக்கெழுதினார், உள்ளே உட்கார்ந்தல்ல, வாசலில். ஆயா பஸ் ஸ்டாண்டில் பேஜோ போட்டு விற்றார். தட்டை மாதிரி மொறுமொறுப்பானது. 'பர்மாக்காரம்மா தட்டை' என்று பெயர் ஆனது. முதலில் சேரிக்காரர்கள் வாங்கினார்கள். பிறகு பஸ் ஏறுகிற அவசரத்தில் எல்லோரும் வாங்கினார்கள். யார் கையால் செய்தது என்று கேட்க நேரமில்லாத இடம் பஸ் ஸ்டாண்டுதான் என்பதை ஆயா சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா மட்டும் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை வாங்க ஆளில்லை.

தாத்தா ஊர்த் தெருவில் மறுபடி செருப்பைக் கழற்றவில்லை. அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார். ஏரிக்கரை சுற்றிக்கொண்டு நடந்தே மண்டிக்குப் போனார், சாகும்வரை. இதைத் தோல்வி என்று சொல்வதா, பிடிவாதம் என்று சொல்வதா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. சிறுவயதில் தோல்வி என்று நினைத்தேன். இப்போது எனக்கும் அவர் வந்திறங்கிய வயது ஆகிறது. அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மனைப் பட்டா வந்தது தொண்ணூறுகளில், அப்பாவின் பெயரில். தாத்தா அதைப் பார்க்க இல்லை. 1996இல் புதிய பஞ்சாயத்துச் சட்டப்படி உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது ஆயா விரலில் மையோடு வந்து, "நம்ம ஓலையும் கொடத்துல வுழுந்துடிச்சி" என்றார். அந்தக் கல்வெட்டின் கதை அவருக்கு அப்பா சொல்லித்தான் தெரியும்.

*

போன வருடம் நான் கூட்டிப்போன நண்பர்களில் ஒருவன் என் குழுவிலேயே வேலை செய்பவன். அவன் பெற்றோர் 1990இல் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து படகில் வந்தவர்கள். அவன் பிறந்தது இங்கே, முகாமில். இங்கே படித்து, இங்கேயே பொறியியல் முடித்தவன். வெளிநாட்டு வேலைக்கு எங்கள் குழுவில் முதலில் அனுப்பப்பட வேண்டியவன் அவன்தான். பாஸ்போர்ட் இல்லாததால் நான் போனேன்.

அவன் நிலைமையை நான் நிபந்தனைகளாகவே எழுதிப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் பிறந்தால் மட்டும் போதும் என்ற விதி 1987 ஜூலை 1ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்கவேண்டும். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் மாற்றம் நல்லதுதான். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் அந்த முகாம்களில் இருக்கிறார்கள்.

இந்த மண்ணை ஒருநாளும் பார்க்காத என் தாத்தாவுக்கு, அவர் அப்பா பிறந்த ஊர் என்பதால் குடியுரிமை கிடைத்தது. இந்த மண்ணைத் தவிர வேறொன்றைப் பார்க்காத என் நண்பனுக்கு, அவன் அப்பா பிறந்த ஊர் என்பதால் கிடைக்கவில்லை. இரண்டிலும் வேலை செய்வது ஒரே கட்டம். அந்தக் கட்டம் தாத்தாவுக்குக் கொடுத்ததும் முழு நியாயமாக இல்லை. குடியுரிமையைக் கொடுத்தது, ஊரைக் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தாள் இருந்ததால்தான் ரேஷன் கார்டு, பட்டா, என் படிப்பு, என் பாஸ்போர்ட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதற்கு அறுபது வருடம் ஆயிற்று. அவனுக்கு இன்னும் அந்தக் கணக்கே தொடங்கவில்லை.

கோயில் சுவரில் நான் விதிகளைப் படித்துக் காட்டியபோது அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். கால் வேலி நிலம் இல்லை, மனை இல்லை, வேதம் இல்லை. "வயசு மட்டும் இன்னும் ரெண்டு வருஷத்துல சரியாயிடும் மச்சான்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடித்தோம். ஆயாவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. அவன் வாரக் கடைசியில் முகாமுக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும், அதனால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்றான். தெரு வழியாகப் போனால் நேரமாகும். ஏரிக்கரை வழியாக வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.